வீட்டுக்குள் போய் வந்த கடை ரொட்டி

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது என்று முதலில் எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் அதற்குப் பதினோரு நாள் முன்பே அது பிறந்துவிட்டது, நான் எழுதிய ஒரு பொய் வாக்கியத்தில். அந்த வாக்கியம் இதுதான்:

"வெளியே தணலைச் சுற்றி ஆட்டுக்கறி வெந்துகொண்டிருக்க, உள்ளே அந்த வீட்டுப் பெண் தன் கையாலேயே கல்லில் சுற்றிச் சுட்ட காக் ரொட்டி, ஆவி பறக்க வந்து சேர்ந்தது."

நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குவெட்டாவிலிருந்து வரும் எங்கள் பத்திரிகையின் சாப்பாட்டுப் பக்கத்தில் அச்சானது. இரண்டு பத்தி, ஒரு புகைப்படம், கீழே என் பெயர்.

பதினோராம் நாள் காலை தொலைபேசி அடித்தது.

"வாஜா, நான் மாகஞ்ச் பேசுறேன். கஹூராப்லேர்ந்து. தாத் கரீம் வீட்டுக்காரி."

"சொல்லுங்க பானுக். நல்லா இருக்கீங்களா?"

"நான் எப்போ ரொட்டி சுட்டேன்?"

பின்னால் ஒரு ஆடு கத்தியது. பிறகு வைத்துவிட்டாள்.

[நான் கராச்சியில் பிறந்த தமிழன். இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்தப் பலூச் பகுதியின் நிருபர். இங்கே வாஜா என்றால் ஐயா, பானுக் என்றால் அம்மா. என்னைப் பற்றி இதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது எனக்குப் பெருமை தரும் காரணம் அல்ல. ஏழாம் பகுதியில் சொல்கிறேன்.]

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "காரான் சாலையின் இருபுறமும் மரமில்லாத மலைகள் வெயிலில் காய்ந்து—" அடித்துவிட்டேன். மலைகள் யாரையும் கொல்லவில்லை.

இரண்டாவது: "உப்பைத் தவிர வேறு எதையும் தாங்காது சஜ்ஜி, தணலில் வாட்டும் ஆட்டுக்கறி. மிளகாய் பூசுகிறவன் கறியை நம்பாதவன்—" இதையும் அடித்தேன். தப்பில்லாத வாக்கியம்தான். ஆனால் சாப்பாட்டுப் பக்கத்துக் குரல் இது. பொய் சொன்னதும் இதே குரல்தான்.

மூன்றாவது: "செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி பகல் பதினொன்றரை மணிக்கு, காரான் சாலையில், கஹூராப் ஓடைக்கு இந்தப் பக்கம், டீசல் ஏற்றி வந்த பிக்கப் வண்டி சாலையை விட்டு இறங்கி, சஜ்ஜி வாட்டிக்கொண்டிருந்த தாத் கரீம் என்பவர் மீது ஏறி அவரைக் கொன்றது." இதை வைத்துக்கொள்கிறேன். நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய வாக்கியம்.

தாத் கரீமின் கடை என்றால் கூரை கிடையாது. ஒரு குழியில் தணல், அதைச் சுற்றி மண்ணில் ஊன்றிய இரும்புக் கம்பிகள், கம்பிகளில் ஆட்டுத் தொடைகள். பத்தடி பின்னால் மண்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் வீடு. கறி அவன் பொறுப்பு. ரொட்டி மாகஞ்ச் பொறுப்பு. ஓடையிலிருந்து பொறுக்கிய உருண்டைக் கற்களைத் தீயில் போட்டு, மாவைச் சுற்றி, தணலோரம் உருட்டி வைப்பாள். சுவரில் ஒரு ஓட்டை. ரொட்டி அதன் வழியாக வெளியே வரும். உடைத்துக் கல்லைக் கீழே தள்ளிவிட்டுச் சாப்பிட வேண்டும்.

[அவளை ஒரு தியாக தீபமாக எழுதிவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மாகஞ்ச் பெரிய கல்லாகப் பார்த்துப் பொறுக்குவாள். கல் பெரிதாக இருந்தால் ரொட்டி பெரிதாகத் தெரியும், மாவு குறைவாகப் பிடிக்கும். "தாத் கரீம், உன் பொண்டாட்டி ரொட்டியில கல்லத் தின்னுட்டு மாவக் கீழ போடணும்போல இருக்கே" என்று லாரிக்காரர்கள் சுவருக்குக் கேட்கும்படி சொல்வார்கள். "பல்லு இருக்கறவங்க ரெண்டையும் தின்பாங்க" என்று ஓட்டை வழியாகப் பதில் வரும்.]

அன்று அவள் சுவருக்கு உள்ளே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். வண்டி வந்த சத்தம், இரும்புக் கம்பிகள் சரிந்த சத்தம், பிறகு கணவனின் சத்தம். அதற்குப் பிறகு ஓர் இளைஞனின் குரல்: "ரோட்டோரம் நெருப்பு வைக்கச் சொன்னது யாரு?"

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அந்தச் சாலையில் ஓடும் டீசல் வண்டிகளின் சொந்தக்காரர் மீர் ஷேஹக்கின் மகன் யார்ஜான். வயது இருபத்திரண்டு. மாதத்துக்கு நான்கு முறை அங்கே நிறுத்தி, தொடைக்கறி வாங்கி, ரொட்டி சரியாக வேகவில்லை என்று அந்த ஓட்டை வழியாகச் சண்டை போட்டுவிட்டுப் போகிறவன்.

போலீஸ் எழுதிய அறிக்கையில் வண்டியை ஓட்டியவன் பெயர் பிஜார். மீர் ஷேஹக்கின் கூலி டிரைவர். அன்றே போய்ச் சரணடைந்தான். சுவருக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்குக் குரல் எப்படித் தெரியும் என்று கேட்டு, அவள் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. மூன்று வருடமாக அந்த ஓட்டை வழியாக அவள் கேட்டதெல்லாம் குரல்களைத்தானே?

3

இதற்கு மேல் போக இரண்டு வழக்கங்களைச் சொல்லியாக வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

விருந்தாளி வந்து உட்கார்ந்தால் முதலில் தண்ணீர். பிறகு ஹால். எங்கிருந்து கிளம்பினாய், வழியில் யாரைப் பார்த்தாய், எங்கே மழை, எங்கே சாவு, யார் ஆடு தொலைந்தது என்று வரிசையாகக் கேட்பார்கள். வந்தவன் வரிசையாகச் சொல்ல வேண்டும். ஹால் முடிந்த பிறகுதான் ரொட்டி. ஹாலில் பொய் சொன்னவனை யாரும் அடிப்பதில்லை. அடுத்த முறை அவனிடம் ஹால் கேட்க மாட்டார்கள். அடியே தேவலை என்று இருக்கும்.

இரண்டாவது, உயிர் போன வீட்டுக்குச் சமாதானம் கேட்டு வருவது. கஹூராப் பக்கத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. தப்புச் செய்த பக்கம் ஆடு கொண்டுவரும். அடிபட்ட வீடு ரொட்டி கொடுக்கும். அந்த வீட்டு ரொட்டியை வந்தவர்கள் பிட்டு வாயில் போட்டுவிட்டால் பகை தீர்ந்தது. ரொட்டி வராவிட்டால் ஆட்டை விட்டுவிட்டு எழுந்து போக வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் இதில் பெண்ணுக்கு ஓர் இடம் இருக்கிறது. மாவும் கல்லும் அவள் கையில். ஆனால் அவளைக் கேட்டுவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும் என்று எந்த வழக்கமும் சொல்லவில்லை. ரொட்டி தானாக வரும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வழக்கமாக வந்தும்விடுகிறது.

தேதி குறித்தவர்கள் இருவர்: ஊர்ப் பெரியவர் வடேரா மிஹ்ராப், தாத் கரீமின் அண்ணன் சப்சல். மாகஞ்சுக்கு முதல் நாள் மாலை செய்தி போனது.

"நாப்பது பேருக்கு மாவு பெசஞ்சு வை."

பிசைந்தாள். இதை அவள் மூன்று முறை என்னிடம் சொன்னாள். "நான் சுட மாட்டேன்னு சொல்லவே இல்ல வாஜா. மாவு பெசஞ்சேன். கல்லு காய வச்சேன். எழுதும்போது அத மறந்துராதீங்க."

மறக்கவில்லை.

4

என்னை அழைத்தது வடேரா. "சமாதானச் சாப்பாடு, வாஜா. வாங்க, போட்டோ எடுங்க, பேப்பர்ல போடுங்க. நம்மளப் பத்தி நல்லதா ஒண்ணு வரட்டுமே."

ஆசிரியரிடம் சொன்னேன். "போங்க. ஆனா சாப்பாடு மட்டும். கேஸ் வேணாம். ஞாயித்துக்கிழமை காலைல யாரும் பொணத்தப் படிக்க மாட்டாங்க" என்றார்.

தாத் கரீமின் பழைய குழி சரிந்து கிடந்ததால் முற்றத்துக்கு வெளியே புதிதாகத் தணல் போட்டிருந்தார்கள். நான்கு ஆடுகள். கம்பிகள் வட்டமாக நின்றன, கறியின் கொழுப்புப் பக்கம் நெருப்பைப் பார்த்து. நாற்பது ஆண்கள் விரிப்புகளில் உட்கார்ந்தோம். அவர்கள் வண்டியை ஓட்டிவந்த யார்ஜான் தன் தகப்பனாருக்கு இடப்பக்கம். தண்ணீர் வந்தது. வடேரா ஹால் கேட்டார்.

மீர் ஷேஹக் தொண்டையைச் செருமினார். "அல்லா புண்ணியத்துல எல்லாரும் சுகம். காரான்ல மழை இல்ல. வெங்காயம் வெல விழுந்துருச்சு. பார்டர் மூணு நாளா மூடிக் கெடக்கு, வண்டியெல்லாம் நிக்குது. மாமா பொண்ணுக்கு நிச்சயம் ஆயிருக்கு. காலைல வெயிலோட கெளம்புனோம். வழியில எல்லாம் சுகம்."

வழியில் எல்லாம் சுகம்.

என் குறிப்பேட்டில் இந்த மூன்று சொற்களுக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன். அவர்கள் வந்த வழியில்தான் சரிந்த குழி இருக்கிறது. வளைந்த கம்பிகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றைத் தாண்டாமல் யாரும் அந்த வீட்டுக்கு வர முடியாது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஹால் இன்னும் முடியல."

வடேரா திரும்பிப் பார்த்தார். "யாரும்மா?"

"ரொட்டி சுடறவ. ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு அடுப்பு கெடக்கு. அத யாரும் பாக்கலையா? வண்டி ஓட்டிட்டு வந்தவரு சொல்லட்டும். அன்னிக்கும் அவருதான் ஓட்டுனாரு."

மீர் ஷேஹக் சிரித்தார். "பானுக், அன்னிக்கு ஓட்டுனவன் ஜெயில்ல இருக்கான்."

"ஜெயில்ல இருக்கறவரு கொரல் எனக்குத் தெரியாது. இங்க உக்காந்துருக்கறவரு கொரல் தெரியும். அவரு வாயால அன்னிக்கு நடந்தத இந்த வீட்டு வாசல்ல சொல்லட்டும். கல்லு சூடா இருக்கு. சொல்லி முடிச்சதும் ரொட்டி வரும்."

நாற்பது ஆண்களும் தங்கள் செருப்புகளைப் பார்த்தார்கள். இருபத்தெட்டு வருடத்தில் நான் இத்தனை ஒழுங்காக ஒரு பெண் வழக்கத்தை எடுத்துச் சொல்லிக் கேட்டதில்லை. முதலில் ஹால், பிறகு ரொட்டி. அவள் புதிதாக எதையும் கேட்கவில்லை. பணம் கேட்கவில்லை. ஜெயில் கேட்கவில்லை. ஒருவன் தான் செய்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

[யார்ஜான் பாத்திரத்தோடு எனக்குத் தகராறு. முதல் பிரதியில் அவன் முகம் வெளிறியது, விரல்கள் நடுங்கின, ஏதோ சொல்ல வாயெடுத்தான், தகப்பனார் கையைப் பிடித்து அமுக்கினார். எல்லாம் நான் கொடுத்தவை. நான் உண்மையில் பார்த்தது: அவன் கைப்பேசியை எடுத்தான். கட்டைவிரலால் எதையோ மேலே தள்ளினான். கொஞ்சம் புன்னகைத்தான், திரையைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். அவனுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதுவது அவனுக்குச் செய்யும் உபகாரம். அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை.]

5

இனி வருவது சுவருக்கு உள்ளே நடந்தது. நான் பார்க்கவில்லை, மாகஞ்ச் பிறகு சொன்னாள். சப்சலிடமும் கேட்டேன். "ஏதோ பேசிக்கிட்டோம்" என்றான். ஆகவே அவள் சொன்னபடியே தருகிறேன்.

சப்சல் உள்ளே வந்தான்.

"மானத்த வாங்குறியே! நாப்பது பேரு உக்காந்துருக்காங்க."

"உக்காரட்டும். தண்ணி குடுத்தீங்கல்ல?"

"கறி காயுது."

"காயட்டும். அது அவங்க கறி."

"அவன் பேச மாட்டான். சின்னப் பய."

"வண்டி ஓட்டும்போது பெரியவனா இருந்தானா?"

"செத்தவன் எனக்குத் தம்பி. எனக்கு வலிக்காதா? வடேரா வார்த்தை குடுத்துட்டாரு. நான் இனிமே அந்த ரோட்டுல நடமாட வேணாமா?"

"நடமாடுங்க. ஓரமா நடங்க. அவன் ஓட்டிட்டு வருவான்."

சப்சல் கையை ஓங்கினான். அடிக்கவில்லை. "கல்ல எடுத்து உன் தலையிலயே போட்டுக்க" என்றான்.

"கல்லு ரொட்டிக்கு" என்றாள்.

6

இந்தப் பகுதியைத்தான் எழுத வந்தேன். மற்றவை எல்லாம் இதற்கு வழி.

கறி ஆகிவிட்டது. சஜ்ஜியைத் தணலிலிருந்து எடுத்த பிறகு காக்க வைக்க முடியாது. கொழுப்பு உறைந்து வெள்ளையாகும், தோல் வார் மாதிரி இழுக்கும். நாற்பது பேரும் கம்பிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கால் மணி நேரம். அரை மணி நேரம். யார்ஜான் ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எல்லாரும் சூடாகச் சாப்பிட்டிருக்கலாம். அவனைப் பேசச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

மீர் ஷேஹக் தன் ஆள் ஒருவனிடம் காதில் எதையோ சொன்னார். பிக்கப் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. நாற்பது நிமிடத்தில் திரும்பியது. நெடுஞ்சாலை ஹோட்டலில் தந்தூர் அடுப்பில் போட்ட நான் ரொட்டி, அறுபது, ஒரு மூட்டையாக.

ஒரு கிழவர் மட்டும் சொன்னார்: "கடை ரொட்டி செல்லாதேப்பா."

அதற்கு வடேரா மிஹ்ராப் சொன்னதை நான் அன்று குறித்துக்கொண்ட எழுத்து மாறாமல் தருகிறேன்: "எந்த வீட்டுக்குள்ளேர்ந்து வருதோ, அது அந்த வீட்டு ரொட்டி."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. யாராவது சிரித்திருந்தால் அது கேலிக்கூத்தாகவாவது முடிந்திருக்கும். எல்லாரும் தலையை ஆட்டினார்கள், சிக்கலான சட்டப் பிரச்சினை ஒன்று தீர்ந்துவிட்ட மாதிரி.

சப்சல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனான். பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தான். உள்ளே நடந்தது மாகஞ்ச் பிறகு சொன்னதுதான்: அவள் அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் நாற்பது பேருக்குப் பிசைந்த மாவு, ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. அவன் அந்தத் துணியை உருவினான். கடை நான் ரொட்டிகளை அதில் வைத்துச் சுற்றினான். முற்றத்தைத் தாண்டினான். முன்வாசல் வழியாக வெளியே வந்தான்.

"வீட்டு ரொட்டி வந்துருச்சு" என்றான்.

வடேரா முதல் துண்டைப் பிட்டு மீர் ஷேஹக்கின் வாயில் ஊட்டினார். எல்லாரும் பிஸ்மில்லா சொன்னோம்.

காக் ரொட்டி வெளியே ஓடு மாதிரி இருக்கும், உள்ளே ஆவி. உடைத்தால் சத்தம் கேட்கும், கல் விழும். கடை நான் ரொட்டி துணி மாதிரி மடியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் இரண்டையும் பிரித்தறியத் தெரியாத ஒரு பலூச் மனிதனை எனக்குக் காட்டுங்கள். நாற்பது பேரில் ஒருவர் காலடியிலும் கல் விழவில்லை. நாற்பது பேரும் மென்றார்கள். கடை ரொட்டி செல்லாது என்ற கிழவர் மட்டும் பல்வலி என்று சொல்லி வெறும் கறியைச் சாப்பிட்டார். அவருக்கு எவ்வளவு மரியாதை கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என்னைவிட அதிகம், நிச்சயமாக.

நான் தின்றேன். முதல் பிரதியில் இந்த இடத்தில் "எல்லாரும் சாப்பிட்டார்கள்" என்று இருந்தது.

கறி முடிந்ததும் வழக்கப்படி தோள்பட்டை எலும்பைச் சுத்தமாக உறிஞ்சி வடேராவிடம் கொடுத்தார்கள். வெயிலுக்கு நேரே பிடித்து அதிலிருக்கும் கோடுகளில் வரப்போவதைப் படித்தார். "வெள்ளையா இருக்கு. நிழல் இல்ல. சமாதானம் நிக்கும்" என்றார்.

பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்: "நல்லாப் பாருங்க பெரியவரே, தந்தூர் பொகை தெரியுதா?"

மூன்று பேர் சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அந்த வேலை அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

7

அடுத்த நாள் கட்டுரையை அனுப்பினேன். அதில் ரொட்டியைப் பற்றி ஒன்றும் இல்லை. உண்மையை எழுத முடியாது, பொய் எழுத மனமில்லை, எனவே விட்டுவிட்டேன். அதை நேர்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

ஆசிரியர் அழைத்தார். "சஜ்ஜி இருக்கு, தணல் இருக்கு, ரொட்டி எங்க? காக் இல்லாம எவன் சஜ்ஜி தின்பான்?"

"அன்னிக்கு ஒரு பிரச்சினை ஆயிடுச்சு."

"பிரச்சினை வேணாம். ஒரு வரி போடுங்க. வாசனை வரணும்."

போட்டேன். ஒரே நிமிடத்தில் வந்தது அந்த வரி. "தன் கையாலேயே" என்ற சொற்களை நானாகத்தான் சேர்த்தேன், அவர் கேட்கவில்லை. பல வருடப் பழக்கம். இலையில் ஒன்று குறைந்தால் எழுத்தில் பரிமாறிவிடுவது.

இப்போது அந்த வரி எங்கே இருக்கிறது தெரியுமா? செஷன்ஸ் கோர்ட்டில் இருக்கிறது. செத்தவனின் வாரிசுகள் மன்னித்துவிட்டார்கள் என்று நிரூபித்தால் வழக்கு மூடப்படும். மனைவி மன்னிக்கவில்லை என்கிறாள். மீர் ஷேஹக்கின் வக்கீல் என் கட்டுரையை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, நீதிபதி முன்னால் வைத்தார். ஊர் வழக்கப்படி சமாதானம் நடந்திருக்கிறது, அந்தப் பெண் தன் கையாலேயே ரொட்டி சுட்டுப் போட்டிருக்கிறாள், பத்திரிகையே எழுதியிருக்கிறது, பிறகு யாரோ தூண்டி மனம் மாறிவிட்டாள் என்பது அவர் வாதம்.

சாப்பாட்டுப் பக்கத்தை யாரும் நம்புவதில்லை என்று நினைத்திருந்தேன். கோர்ட் நம்பும்போலிருக்கிறது.

ஆசிரியரிடம் திருத்தம் போடச் சொன்னேன்.

"ரொட்டிக்கு எவனாவது திருத்தம் போடுவானா?"

"ஒரு கொலை கேஸ் இதுல தொங்குது."

"நம்ம பக்கத்துல கொலையே வரலையே. வராததை எப்படித் திருத்துறது?"

இருபத்தெட்டு வருடத்தில் இதைவிடத் தெளிவான வாக்கியத்தை அவர் சொன்னதில்லை. எழுந்து வந்து இந்தக் கதையைத் தொடங்கினேன், தமிழில். காரணத்தை இங்கே சொல்கிறேன் என்றேன் அல்லவா? கஹூராப்பிலும் காரானிலும் குவெட்டாவிலும் இதைப் படிக்க ஒருவரும் இல்லை. மீர் ஷேஹக் படிக்க மாட்டார். கோபத்தையும் தீர்த்துக்கொள்ளலாம், சாலையிலும் நடமாடலாம். சப்சலைப் பற்றி ஐந்தாம் பகுதியில் எத்தனை சுலபமாக எழுதினேன், பாருங்கள்.

8

மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) ஒரு நாள் சாயங்காலம் யார்ஜான் தனியாக வருகிறான். சரிந்த குழியருகே உட்கார்கிறான். ஹால் சொல்கிறான், எல்லாவற்றையும். சுவர் ஓட்டை வழியாக ஒரு ரொட்டி வெளியே வருகிறது. இரண்டு பக்கம். எழுதி முடித்ததும் எனக்கே பிடித்துப்போனது.

(ஆ) நீதிபதி பத்திரிகைத் துண்டைத் தூக்கி எறிகிறார். பிஜார் எழுந்து உண்மையைச்

[இதை முடிக்கவில்லை. பிஜாரை நான் பார்த்ததே இல்லை.]

(இ) மாகஞ்ச் அந்தச் சூடான கற்களைச் சாலையில் வரிசையாக — இல்லை. கதைகளில் வரும் பெண்கள் இப்படிச் செய்வார்கள். இவளுக்குக் கற்கள் வேண்டும். அடுப்பு எரிந்தாக வேண்டும்.

இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு கஹூராப் போனேன். அவளுடைய சகோதரர் இருவர் கூட இருந்தார்கள். சுவரோரம் உட்கார்ந்தேன். தண்ணீர் வந்தது.

"ஹால் சொல்லுங்க" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

குவெட்டாவில் கிளம்பியதிலிருந்து சொன்னேன். நுஷ்கியில் காற்று, பாலத்தருகே கவிழ்ந்த லாரி, ஓடைக்கு இந்தப் பக்கம் சரிந்த குழி, வளைந்த கம்பிகள். அங்கே நிறுத்தவில்லை, அன்றைய நாளுக்குப் போனேன். மூட்டை வந்ததையும், அது பின்வாசலில் நுழைந்து முன்வாசலில் வந்ததையும், நான் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன்.

"எத்தன தின்னீங்க?"

"ஒண்ணே முக்கால்."

"மிச்சக் கால்?"

"ஆறிப்போச்சு."

அவளுடைய தம்பி ஒருவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

"மாவு புளிச்சுப்போச்சு வாஜா. துணி இல்லாம ஈ மொச்சுருச்சு. ஆட்டுக்குப் போட்டேன். நாப்பது பேரு மாவு."

பிறகு முதல் முடிவை வாய்மொழியாகச் சொன்னேன், யார்ஜான் வந்து உட்கார்ந்து சொல்வதை. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வந்து சொன்னானா?"

"இல்ல. கதையில சொல்றான்."

"கதையில அவன் சொல்லிட்டா, அப்புறம் நேர்ல எதுக்குச் சொல்லணும்?"

கதைத் தாள்களை மடித்துப் பையில் வைத்தேன்.

"நீங்க ஒருதரம் எனக்குப் பதிலா ரொட்டி சுட்டீங்க" என்றாள். "இப்போ அவனுக்குப் பதிலா ஹால் சொல்றீங்க. உங்க வாயால சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்குல்ல, அத மொதல்ல சொல்லுங்க. கோர்ட்டுல."

அன்று எனக்கு டீ வந்தது. பேரீச்சம்பழம் வந்தது. ரொட்டி வரவில்லை. பகல் சாப்பாட்டு நேரம்.

9

போன வியாழக்கிழமை கோர்ட்டில் நான் சொன்னதைக் கீழே எழுதுகிறேன். அது அந்த ஊர் மொழியில் பதிவாகியிருக்கிறது; அங்கே எல்லாரும் படிக்கலாம்.

அன்று பரிமாறியது கடை ரொட்டி. நெடுஞ்சாலை ஹோட்டலிலிருந்து வண்டியில் வந்தது. வீட்டுக்குள் போய் வெளியே வந்தது. அந்தப் பெண் ரொட்டி சுடவில்லை. ஹால் கேட்டாள், கிடைக்கவில்லை. நான் எழுதிய வரி பொய்.

வக்கீல் எழுந்தார். "எழுதினது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா?"

"எழுதினது."

"அப்போ நீங்க பொய் எழுதுற நிருபர்."

"ஆமா."

"இத எப்படி நம்புறது?"

"என்னை நம்ப வேணாம். அன்னிக்குச் சாப்பிட்ட நாப்பது பேரக் கூப்பிட்டுக் கேளுங்க. காலடியில கல்லு விழுந்துச்சான்னு கேளுங்க."

நீதிபதி எழுதிக்கொண்டார். நாற்பது பேரில் யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்ய வேறு தேதி போட்டார். வெளியே தாழ்வாரத்தில் வடேரா மிஹ்ராப் என்னைப் பார்த்து, "எங்க உப்பத் தின்னீங்களே வாஜா" என்றார். ஆசிரியர் அன்று மாலையே சாப்பாட்டுப் பக்கத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். யார்ஜான் அந்தத் தாழ்வாரத்திலேயே தூணோரம் நின்றிருந்தான். அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று எழுத மாட்டேன். ஒரு சைகையைக் கொடுத்தால் நீங்கள் அதிலிருந்து ஒரு மனசாட்சியைச் செய்துவிடுவீர்கள்.

மாகஞ்ச் கேட்டது இன்னும் கிடைக்கவில்லை. வழக்கு எப்படிப் போனாலும் அவள் கேட்டது அதுவல்ல.

இந்த மாதிரிக் கதைகளில் எழுதுகிறவன் கடைசியில் பேனாவை வாசகரிடம் நீட்டுவான். முடிவு உங்கள் கையில் என்பான். நீங்களும் நல்ல மனதோடு வாங்கி எதையாவது எழுதி நிரப்புவீர்கள். நான் நீட்டப் போவதில்லை. இடத்தை மட்டும் விடுகிறேன்.

யார்ஜான், மீர் ஷேஹக்கின் மகன், கஹூராப்பில், தாத் கரீமின் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்ன ஹால்:

[

]

நான் இதை எழுத மாட்டேன். நீங்களும் எழுதாதீர்கள். அவள் உங்களிடம் கேட்கவில்லை.